மாஷ்: தேதித் தப்புகளும் கீழே விழுந்த ஒரு கருவியும்

4 ஜூன் 2023, வாசகர் கேள்வி

கொரியப் போரில் ஒரு அமெரிக்க ராணுவ மருத்துவ முகாமில் நடக்கும் கதையான ‘மாஷ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். கொரியப் போர் நடந்தது 3 வருடம், தொடர் ஓடியது 11 வருடம். நாலாவது சீசனில் ஒரு தேதி சொல்கிறார்கள், பின்னால் வரும் ஒரு பகுதியில் அதற்கு நேர்மாறாக வருகிறது. எடுத்தவர்கள் கவனக்குறைவாக இருந்தார்களா? வேறு என்னென்ன தப்பு இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூன் 2023, இரவு

தம்பி, நீங்கள் சொல்லும் தேதி 1952 செப்டம்பர் 19. கர்னல் பாட்டர் முகாமுக்குப் பொறுப்பேற்க வரும் நாள் என்று அந்தப் பகுதியில் தெளிவாகச் சொல்கிறார்கள். அது ஒளிபரப்பானது 1975இல். பிறகு 1980 டிசம்பர் கடைசியில் ‘எ வார் ஃபார் ஆல் சீசன்ஸ்’ என்று ஒரு பகுதி வந்தது. 1950 டிசம்பர் 31 இரவில் தொடங்கி 1951 டிசம்பர் 31 இரவில் முடியும் கதை. அந்த முதல் இரவிலேயே பாட்டர் இருக்கிறார், பின்னால் வந்து சேர்ந்த டாக்டர்கள் பி.ஜே.யும் வின்செஸ்டரும் இருக்கிறார்கள். ராடார் உட்கார்ந்த குமாஸ்தா நாற்காலியில் கிளிங்கர் உட்கார்ந்திருக்கிறார்.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போர் தொடங்கியது 1950 ஜூன் 25. அந்தப் புத்தாண்டு விருந்துக்குள், பாட்டருக்கு முன்னால் முகாம் தலைவராக இருந்த ஹென்றி பிளேக் வந்து போயிருக்க வேண்டும். பி.ஜே.க்கு முன்னால் இருந்த டாக்டர் ட்ராப்பர் வீடு திரும்பியிருக்க வேண்டும், வின்செஸ்டருக்கு முன்னால் இருந்த ஃபிராங்க் பர்ன்ஸுக்கு மனம் பேதலித்து மாற்றலாகியிருக்க வேண்டும், ராடார் ஊருக்குப் போயிருக்க வேண்டும். ஏழு சீசனுக்கு மேல் நடந்த கதை முழுவதும் ஆறு மாதம் ஆறு நாளுக்குள் நடந்து முடிந்ததாக ஆகிறது.

கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பகுதியை எழுதியவர்களுக்கு 1951 தேவைப்பட்டது. அந்த வருடம்தான் பேஸ்பாலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி புரூக்ளின் டாட்ஜர்ஸைக் கடைசிப் பந்தயத்தில் வென்றது. அக்டோபர் 3, பாபி தாம்சன் அடித்த அடி. டாட்ஜர்ஸ் மேல் பந்தயம் கட்டி முகாமில் ஆட்கள் பணத்தைத் தொலைப்பது கதையில் ஒரு முக்கியமான இழை. ஒரு நல்ல கதைக்காகப் பழைய தேதியைத் தள்ளி வைத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

5 ஜூன் 2023

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அப்போது வீட்டில் டி.வி.டி. கிடையாது. ஒருமுறை ஒளிபரப்பானால் மறுஒளிபரப்பில் கண்ணில் பட்டால்தான் உண்டு. ஐந்து வருடம் முன்னால் என்ன தேதி சொன்னோம் என்று ஒருவர் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார் என எழுத்தாளர்கள் நினைத்திருக்கவே முடியாது. ஆட்களும் மாறினார்கள். தொடரை உருவாக்கிய லாரி கெல்பார்ட் நாலாவது சீசனோடு விலகினார், ஜீன் ரெனால்ட்ஸ் ஐந்தாவதோடு. அதற்குப் பிறகு பொறுப்பு பர்ட் மெட்காஃபிடம் வந்தது.

குடும்ப விவரங்கள் மாறியதும் அப்படித்தான். ஆரம்பத்தில் தொடரின் நாயகன் டாக்டர் ஹாக்ஐ அப்பாவுக்கு எழுதும் கடிதங்களில் அம்மாவும் தங்கையும் வருவார்கள். பின்னால் அவர் ஒரே பிள்ளை, அம்மா அவருடைய பத்து வயதிலேயே இறந்துவிட்டார் என்று ஆகிவிட்டது. ஊரும் வெர்மான்டிலிருந்து மெய்னுக்கு மாறிவிட்டது. ஹென்றி பிளேக்கின் மனைவி பெயர் முதலில் மில்ட்ரெட், அப்புறம் லொரெய்ன். பாட்டர் வந்ததும் மில்ட்ரெட் அவருடைய மனைவி பெயராயிற்று.

பாட்டரின் மேஜை மேல் மில்ட்ரெட் என்று ஒரு பெண்ணின் படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது பாட்டராக நடித்த ஹாரி மார்கனின் சொந்த மனைவியின் படம். இது தெரிந்த பிறகு அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நானும் அந்தப் படத்தைத்தான் பார்க்கிறேன். பி.ஜே.யாக நடித்த மைக் ஃபாரலும் அப்படித்தான். பி.ஜே.யின் குழந்தை பெயர் எரின், அவருடைய சொந்த மகள் பெயரும் எரின்.

9 ஜூன் 2023

ராடார் பற்றி. அவர் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஒரு அவெஞ்சர்ஸ் காமிக்ஸ் புத்தகம் தெரியும். அவெஞ்சர்ஸ் முதன்முதலில் வந்ததே 1963இல், போர் முடிந்து பத்து வருடம் கழித்து. படப்பிடிப்பில் கைக்குக் கிடைத்த புத்தகத்தை வைத்துவிட்டார்கள் போல. இணையத்தில் தப்புப் பட்டியல் போடும் எல்லோரும் இதைத்தான் முதலில் போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய அக்கறை இல்லை.

எனக்கு அக்கறை அவருடைய இடது கையில். ராடாராக நடித்த கேரி பர்கோஃபுக்குப் பிறவியிலேயே இடது கை விரல்கள் சிறுத்திருக்கும். எல்லாக் காட்சியிலும் அட்டை, கோப்பு, பெட்டி என்று எதையாவது பிடித்திருப்பார். ஒரு இடத்தில்கூட அந்தக் கை தெரியாது. தொடருக்கு முன்பு இதே பெயரில் வந்த திரைப்படத்திலிருந்து தொடருக்கு அதே வேடத்தில் வந்த ஒரே நடிகரும் அவர்தான்.

10 ஜூன் 2023

நேற்று இரண்டு தப்பு எழுதிவிட்டேன்.

ஒன்று, கை தெரியவே தெரியாது என்றது. நேற்று ராத்திரியே திரும்பப் பார்த்தேன், சில இடங்களில் தெரிகிறது. முதல் சீசன்களில் கேமரா ஒதுங்குவதற்குள் ஒரு நொடி தெரிந்து மறைகிறது. இத்தனை வருடம் என் கண்ணில் படாததற்குக் காரணம், அவர் அந்த அட்டையைப் பிடிக்கும் விதம் ஒரு குமாஸ்தா பிடிக்கும் விதமாகவே இருந்ததுதான்.

இரண்டு, ஒரே நடிகர் என்றது. 1970இல் ராபர்ட் ஆல்ட்மன் எடுத்த படத்தில் ஜெனரல் ஹாமண்டாக நடித்த ஜி. வுட், தொடரிலும் அதே ஜெனரலாகச் சில பகுதிகளில் வருகிறார். முக்கியப் பாத்திரங்களில் ஒரே ஆள் பர்கோஃப் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

10 ஜூன் 2023, மாலை

படத்தில் நடித்த இன்னொருவர் திமோதி பிரவுன். படத்தில் ஒரு கார்ப்பரல், தொடரின் முதல் சீசனில் கறுப்பின அறுவை மருத்துவர் ஜோன்ஸ். சில பகுதிகளிலேயே அவரைக் காணோம். கொரியாவில் இருந்த மாஷ் முகாம்களில் கறுப்பின அறுவை மருத்துவர்களே இல்லை என்று தயாரிப்பாளர்களுக்குத் தகவல் கிடைத்ததாம், உண்மைக்கு ஒத்து இருக்கட்டும் என்று அந்தப் பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள். உண்மையில் இருந்தார்கள். காமிக்ஸ் புத்தகத்தை விட்டுவிட்டு இதைப் பட்டியலில் முதலில் போட வேண்டும். தப்பைத் திருத்துகிறோம் என்று நினைத்துத் தப்பைச் செய்திருக்கிறார்கள், அதில் ஒரு மனிதருக்கு வேலை போயிருக்கிறது.

16 ஜூன் 2023

ஆபரேஷன் தியேட்டர் காட்சிகள் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 26 வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். ஓய்வு பெற்று மகன் வீட்டுக்கு வந்த பிறகுதான் இந்தத் தொடரைப் பார்த்தேன், இரவு மறுஒளிபரப்பில். முதல் இரவே நிமிர்ந்து உட்கார வைத்தது வேகம். கையை நீட்டினால் கருவி உள்ளங்கையில் வந்து விழ வேண்டும், கண் காயத்தை விட்டு நகரக் கூடாது. அதை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். ஒரு மேஜையிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது “கிளவுஸ்” என்று குரல் கொடுப்பதும் சரி. வால்டர் டிஷெல் என்ற மருத்துவர் ஆலோசகராக இருந்திருக்கிறார், அது தெரிகிறது.

சரியில்லாதது, ஸ்வாப் (ரத்தம் ஒற்றும் துணித்துண்டு) எண்ணுவதை அநேகமாகக் காட்டுவதே இல்லை. வயிற்றைத் தைப்பதற்கு முன்னால் எண்ணிக்கை சொல்லாமல் நான் ஒரு சர்ஜனையும் ஊசி எடுக்க விட்டதில்லை. போர்க்களத்தில் அவசரம் இருக்கும்தான். ஆனால் அவசரத்தில்தான் உள்ளே மறந்து வைத்துத் தைப்பார்கள், அதனால்தான் எண்ணுகிறோம்.

‘லைஃப் டைம்’ என்று ஒரு பகுதி, 1979. திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மகாதமனி கிழிந்த ஒரு சிப்பாய்க்கு 20 நிமிடத்துக்குள் ஒட்டுப் போட வேண்டும், இல்லையென்றால் உயிர் பிழைத்தாலும் கால்கள் செயலற்றுப் போகும். ஒட்டுப் போட இன்னொருவனின் ரத்தக்குழாய் வேண்டும், அவன் பக்கத்துக் கட்டிலில் இறந்துகொண்டிருக்கிறான். ஹாக்ஐயாக நடித்த ஆலன் ஆல்டாவும் டிஷெலும் சேர்ந்து எழுதியது. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்ற சில இரவுகள் ஞாபகத்துக்கு வந்தன.

சிரிப்பொலி பற்றியும் சொல்ல வேண்டும். தொடரை ஒளிபரப்பிய சி.பி.எஸ். நிறுவனம் பதிவுசெய்த சிரிப்பொலியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. தயாரிப்பாளர்கள் சண்டை போட்டு ஒன்றை மட்டும் வாங்கினார்கள்: தியேட்டருக்குள் சிரிப்பொலி கிடையாது. கவனித்துப் பாருங்கள், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிடும். பிரிட்டனில் பி.பி.சி. சிரிப்பொலியே இல்லாமல் ஒளிபரப்பியது.

17 ஜூன் 2023

நேற்றே எழுதியிருக்க வேண்டும், கோபத்தில் விட்டுவிட்டேன். நர்ஸ்கள் பெயர். நர்ஸ் ஏபிள், நர்ஸ் பேக்கர் என்று வருகிறதே, அது அன்றைய ராணுவ வானொலியில் ஏ, பி எழுத்துகளுக்குச் சொன்ன சொல். ஒரு வாரம் ஒரு பெண் ஏபிள், இன்னொரு வாரம் வேறொரு பெண் ஏபிள். டாக்டர்களுக்கு ஊர் உண்டு, அப்பா உண்டு, நாய் உண்டு. எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுப்பவளுக்குப் பெயர்கூட நிலையாக இல்லை. தேதித் தப்பைவிட இது எனக்குப் பெரிய தப்பு. தேதித் தப்பை மன்னிக்கலாம், ஆளை மறந்ததை மன்னிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகிறது.

ஒரு பெண் தப்பித்தார். கெல்லி நாகஹாரா. பின்வரிசையில் பேச்சே இல்லாமல் தொடங்கியவர், வருடக்கணக்கில் நின்று நின்று நர்ஸ் கெல்லி என்று தன் பெயரையே வாங்கிவிட்டார். கடைசி சீசனில் அவருக்கென்று ஒரு பகுதி, 1982இல். தன்னை ஏறெடுத்தும் பார்க்காத ஹாக்ஐயிடம் நேருக்கு நேர் நின்று பேசுவார். அந்த இரண்டு நிமிடத்துக்காகவே முழுத் தொடரையும் பார்க்கலாம்.

25 ஜூன் 2023

இன்று ஜூன் 25, போர் தொடங்கிய நாள். எதிர்வீட்டில் ஒரு கொரிய அம்மா இருக்கிறார், எண்பது வயது. 1951 ஜனவரியில் சியோல் மறுபடி விழுந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பனியில் தெற்கே நடந்தவர், அப்போது எட்டு வயது. போன வாரம் அவரோடு உட்கார்ந்து நாலு பகுதி பார்த்தேன். எனக்கும் அவருக்கும் பொதுமொழி அரைகுறை ஆங்கிலம்தான்.

கிராமத்தார் வரும் காட்சியில் டி.வி.யைக் கை காட்டி, “இது எங்கள் தொப்பி இல்லை” என்றார். கூம்பு வடிவ ஓலைத் தொப்பி. “இது வியட்நாம்” என்றார். அதுதான் உண்மை. 1972இல் தொடர் வந்தபோது அமெரிக்கர்கள் தினமும் செய்தியில் பார்த்தது வியட்நாம் போரை, எடுத்தவர்கள் மனதிலும் அதுதான் இருந்தது. அது உடையில் வந்துவிட்டது. அப்புறம் பேச்சு. கொரியர்களாக வந்தவர்களில் பலர் ஜப்பானிய, சீன வம்சாவளி அமெரிக்கர்கள். அவர்கள் பேசியதில் பாதி அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

ஆனால் ‘தி கொரியன் சர்ஜன்’ பகுதியில் வடகொரிய மருத்துவராக வருபவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. சூன்-டெக் ஓ, கொரியாவிலேயே பிறந்தவர். இன்னொருவர் ஃபிலிப் ஆன். அவருடைய அப்பா ஆன் சாங்-ஹோ கொரிய விடுதலைப் போராட்டத் தலைவர். அந்தப் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார், நம் ஊரில் வ.உ.சி. பெயரைச் சொன்னால் உட்காருவது போல. ஹாக்ஐ ஜீப் விபத்தில் அடிபட்டு ஒரு கொரியக் குடும்பத்தின் வீட்டில் உட்கார்ந்து பகுதி முழுக்கத் தனியாகப் பேசிக்கொண்டே இருப்பாரே, அந்த வீட்டின் பெரியவர் ஃபிலிப் ஆன்தான்.

2 ஜூலை 2023

மகன் கலிஃபோர்னியாவில் உள்ள மாலிபு கிரீக் பூங்காவுக்கு அழைத்துப் போனான். வெளிப்புறக் காட்சிகளை எடுத்த இடம் அதுதான், அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்தின் பண்ணை. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இரண்டரை மைல் போல நடை. என் முழங்காலுக்கு அது அதிகம், ஆனால் ஹெலிகாப்டர் வந்து இறங்கும் குன்றைப் பார்த்ததும் வலி மறந்துவிட்டது. துருப்பிடித்த பழைய வண்டிகள் நிற்கின்றன. ஊர்ப் பெயர்கள் எழுதிய வழிகாட்டிக் கம்பத்தின் நகல் இருக்கிறது.

குன்றெல்லாம் காய்ந்த புல், எங்கள் ஊர்க் கரடு மாதிரி. கொரியாவின் குளிரை இந்த வெயிலில் நடித்திருக்கிறார்கள். ரோமம் வைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கும்போது ஒருவர் வாயிலிருந்தும் ஆவி வராது, பாருங்கள். இரவுக் காட்சிகளில் முகாம் சின்னதாகத் தெரிவதற்கும் காரணம் உண்டு. அவற்றில் பலவற்றை ஃபாக்ஸ் ஸ்டுடியோவின் 9ஆம் எண் படப்பிடிப்பு அரங்குக்குள், மலையைத் திரையில் வரைந்து வைத்து எடுத்தார்கள்.

1982 அக்டோபரில் காட்டுத்தீ வந்து இந்த முகாம் எரிந்துபோனது, அதுவும் கடைசிப் பகுதியை எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். தீயைக் கதைக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். முகாம் இடம் பெயர்வதற்கு அதுவே காரணமாயிற்று. 1983 பிப்ரவரி 28 அன்று அந்தப் பகுதியைப் பத்து கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள்.

3 ஜூலை 2023

ஒருவர் கேட்டார்: கடைசியாகப் படமெடுத்ததும் அந்தப் பகுதிதானா? இல்லை. அதை முன்பே எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் படப்பிடிப்பு, முகாமின் நினைவாகப் பொருட்களைப் பெட்டியில் போட்டுப் புதைக்கும் அந்தச் சாதாரணப் பகுதிக்காக நடந்தது. அதில் அவர்கள் முகத்தில் இருக்கும் சோகம் நடிப்பு மட்டும் இல்லை.

11 ஜூலை 2023

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடரில் பிரிட்டிஷ்காரர் வருகிறார், கிரேக்கர் வருகிறார். நான் பார்த்த வரையில் இந்திய மருத்துவப் பிரிவைக் காணோம். 60ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் 1950 நவம்பரில் கொரியா போனது. தலைவர் லெஃப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர்.

போய்ச் சேர்ந்த சில நாளிலேயே பியாங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டி வந்தது. மருத்துவப் பொருட்களை ஏற்ற வண்டி இல்லை. கைவிடப்பட்ட ஒரு நீராவி எஞ்சினையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்து, கொதிகலனில் தாங்களே தண்ணீர் ஊற்றி, தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்தார்கள். ஆட்கள் தப்பினால் போதும் என்று பொருட்களை விட்டுவிட்டு வரவில்லை, அதுதான் எனக்குப் பெரிது. மயக்க மருந்தும் கருவியும் இல்லாத சர்ஜன் வெறும் ஆள்தான். அடுத்த மார்ச்சில் மூன்சானில் அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டிலும் குதித்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது.

இதைத் தொடரின் தப்பு என்று சொல்ல மாட்டேன், அவர்கள் தங்கள் முகாமின் கதையைத்தான் சொன்னார்கள். எதிர்வீட்டு அம்மாவிடம் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

20 ஜூலை 2023

தம்பி மூன்றாவது சீசனை முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அதனால் இதை இப்போது எழுதலாம். முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹென்றி பிளேக் ஊருக்குக் கிளம்பும் பகுதி, 1975 மார்ச் 18. மற்றக் காட்சிகளையெல்லாம் எடுத்து முடித்த பிறகுதான் கெல்பார்ட்டும் ரெனால்ட்ஸும் கடைசிப் பக்கத்தை நடிகர்களிடம் கொடுத்தார்கள். ராடார் மாஸ்க் இல்லாமல் தியேட்டருக்குள் வருகிறார். மாஸ்க் போடு என்று உள்ளிருந்து அதட்டல் வருகிறது. அவர் போடவில்லை. ஹென்றியின் விமானத்தை ஜப்பான் கடலுக்கு மேல் சுட்டு வீழ்த்திவிட்டார்கள், யாரும் பிழைக்கவில்லை என்று தாளைப் படிக்கிறார். பிறகு பேச்சே இல்லை. வேலை தொடர்கிறது. அந்த அமைதியில் ஒரு கருவி தரையில் விழும் சத்தம் கேட்கும்.

அது எழுதி வைத்ததில்லை. முதல் தடவை எடுத்ததில் ஏதோ தொழில்நுட்பக் கோளாறு, மறுபடி எடுத்தார்கள். அந்த இரண்டாவது தடவையில் யாருடைய கையிலிருந்தோ தவறி விழுந்தது. தப்புத்தான். ஆனால் வெட்டாமல் வைத்துக்கொண்டார்கள்.

நான் இதைப் பல தடவை பார்த்திருக்கிறேன், பார்ப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான். எங்கள் தியேட்டரில் ஒருநாள், உடன் வேலை பார்த்த ஒருவரின் மரணச் செய்தியைக் கதவைத் திறந்து சொன்னார்கள். மேஜையில் ஒரு பையன், வயிறு திறந்திருக்கிறது. யாரும் எதுவும் பேசவில்லை. என் கையிலிருந்து ஒரு ஆர்ட்டரி, ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி, நழுவித் தரையில் விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை. விழுந்ததைக் குனிந்து எடுக்கக் கூடாது, மேஜைக்கு வெளியே நின்று உதவும் வெளிநர்ஸ் ஓரமாகத் தள்ளி வைப்பாள், நான் தட்டிலிருந்து அடுத்ததை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன்.

21 ஜூலை 2023

விழுந்தது என்ன கருவி என்று கேட்டிருக்கிறீர்கள். நேற்று ராத்திரி சத்தத்தைக் கூட்டி வைத்து மூன்று முறை கேட்டேன். சத்தத்தை வைத்து இன்னதென்று சொல்ல முடியவில்லை. எதுவாக இருந்தாலும், தையல் போடுவதற்கு முன்னால் எண்ணிக்கையில் ஒன்று குறையும். அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும்.